பீச்சாங்கைத் துப்பாக்கி

ஏண்டி, ரயில்லேருந்து எறங்கி இன்னும் மூஞ்சி கழுவல, அதுக்குள்ள உனக்குத் துப்பாக்கிக் கதை கேக்குதா? உங்கம்மா குடுத்தனுப்பிச்ச வடகம் பைக்குள்ள நொறுங்கிக் கெடக்கு. அத எடுத்து வைக்கத் தோணல, மூலையில நிக்கிற நீளப் பொட்டிய மொறைச்சு மொறைச்சுப் பாக்குற. யாரு சொன்னா உனக்கு? உங்கம்மாதானே? எந் தங்கச்சி வாயில ஒரு கடுகு நிக்குமா? "அக்கா வீட்டுத் துப்பாக்கியில என்னமோ இருக்காம்"னு தெரு முழுக்கச் சொல்லியிருப்பா. தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப் போற? தூக்கம் கெடும். பாத்ரூம் போக என்னைத் தொணைக்கு எழுப்புவ. எனக்கு முட்டி வலி, சொல்லிட்டேன்.

சரி, உக்காரு. போன்ல பிடிச்சுக்கிறியா? பிடிச்சுக்கோ. நான் மூணாங் கிளாஸ் தாண்டாதவ, எழுதல்லாம் வராது. பஸ் போர்டு பாத்துப் பாத்து ஹிந்தி மட்டும் எழுத்துக் கூட்டுவேன். போன் அடிச்சா பச்சைய இழுக்கத் தெரியும். நம்பர் போட்டுக் கூப்பிடத் தெரியாது, இன்னைய வரைக்கும் தெரியாது. இந்த ரெண்டையும் ஞாபகத்துல வச்சுக்கோ. பின்னாடி வேணும்.

உங்கண்ணன் காலேஜ்ல என்சிசியில சுட்டவன். எம் மவன்தான், ஆனா கொழுக்கட்டைக்கு மாவு பிடிக்கச் சொன்னா கை நடுங்கும், துப்பாக்கி பிடிச்சா நடுங்காது. கல்யாணம், ஆபீஸ்னு விட்டுட்டான். மவளுக்குப் பன்னெண்டு வயசானப்போ திரும்பப் பிடிச்சுது பைத்தியம். காத்துத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிட்டு வந்தான். மருந்து கிருந்து எதுவும் கெடையாது, காத்தடைச்சுக் கடுகு கணக்கா ஒரு ஈயக் குண்டைத் தள்ளும். இங்க டில்லியில அத 'சர்ரா'ம்பாங்க. ஜனக்புரியில நாங்க மேல் மாடிங்கறதால மொட்டை மாடி எங்களுது. அங்க செவுத்தோரமா ஒரு இரும்புப் பொட்டி, அதுக்குள்ள குளிருக்குப் போத்துற பழைய பஞ்சு ரஜாய அடைச்சு, அது மேல கறுப்பு வட்டம் போட்ட அட்டை. பத்து மீட்டர் தள்ளி நின்னு சுடணும். அதுதான் சட்டம்.

பத்து மீட்டர் எப்படி அளந்தோம் தெரியுமா? டேப்பு அஞ்சு மீட்டர்ல அத்துப்போயிருந்துச்சு. நான் எம் மாமியாரோட பதினெட்டு முழச் சேலைய எடுத்துட்டு வந்தேன். அது கூட பாப்பாவோட துப்பட்டாவ முடிச்சுப் போட்டேன். முடிச்சுக்குப் போனது போக அச்சா பத்து மீட்டர். உங்கண்ணன் அப்புறமா வேற டேப்பு வாங்கிட்டு வந்து அளந்தான். ஒரு விரக்கடை கூட வித்தியாசம் இல்ல. "எப்படிம்மா?"ன்னான். "உங்கப்பத்தா எதுலயும் கொறைச்சுக் குடுத்தவ இல்ல"ன்னேன்.

அளக்கும்போது பாப்பா சேலையோட ஓரத்தைத் தடவிப் பாத்தா. ஒரு பக்கம் நீளமாக் கிழிஞ்சிருக்கும். "பாட்டி, இது ஏன் கிழிஞ்சிருக்கு?"

"எலி கடிச்சுது."

"எலி இவ்ளோ ஸீதாவா கடிக்குமா?"

"டில்லி எலிடி அது, ஸ்கேல் வச்சுக் கடிக்கும்"னுட்டு நான் பேச்ச மாத்திட்டேன்.

பாப்பான்னு சொல்றேனே, அவளுக்குப் பேரு இருக்கு. எம் மாமியா பேருதான். மாமியா செத்து ஒரு வருஷத்துல இவ பொறந்தா, அதனால அந்தப் பேரு. நான் அந்தப் பேரச் சொல்றதில்ல. மாமியா பேர மருமக வாயால சொல்லலாமா? மாமியா உசுரோட இருந்தப்பவும் சொன்னதில்ல, செத்தப்புறமும் சொன்னதில்ல. பேத்தி பொறந்த நாளிலேருந்து எனக்கு அவ பாப்பாதான். பதினேழு வயசாச்சு, இன்னும் பாப்பா.

ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க நாலு பேரும் மாடியில. உங்கண்ணன், பேங்க்ல வேலை பாக்குற உங்கண்ணி, பாப்பா, நான். நான் நாற்காலியில உக்காந்து, மடியில தலகாணிய வச்சு, அதுல துப்பாக்கியச் சாய்ச்சுச் சுடுவேன். ஆளுக்குப் பத்துக் குண்டு. யாரு கம்மியோ அவங்க டீ போடணும். ஒரு தடவ எங் குண்டு நட்ட நடுவுல போய் விழுந்துச்சு. "அத்தே, கண்ண மூடிட்டுச் சுட்டீங்களா?"ன்னா உங்கண்ணி. "ஆமா, தொறந்து சுட்டா உன் மூஞ்சி நடுவுல வருது"ன்னேன். சிரிப்புதான் போ. அப்படி இருந்த வீடு.

பாப்பாதான் எங்க எல்லாரையும் விட ஒசத்தி. அப்பா சொல்லிக் குடுத்தது பத்தாம கோச் கிட்ட சேத்தோம். ஆனா ஒரு சங்கடம். அவ சுட்டா எல்லாக் குண்டும் ஒரு பக்கமாவே போகும். குறி பாக்குற ஊசியத் திருப்பி சரி பண்ணுவாங்க, ரெண்டு நாள் நல்லாருக்கும், மறுபடியும் ஒரு பக்கமா ஓடும். கோச் எடது கண்ணுல ஒரு பட்டைய மாட்டிவிட்டாரு. அப்பவும் அப்படித்தான். ரெண்டு வருஷம் டீம் செலக்‌ஷன்ல தேறல. ரெண்டாவது தடவ தோத்துட்டு வந்து பாப்பா அழல, தட்டுல சோத்தப் பெசஞ்சுகிட்டே உக்காந்திருந்தா. வலது கைதான் பெசஞ்சுது. எடது கை மடியில, முழங்காலுக்கு நடுவுல இடுக்கி வச்சிருந்தா. நான் அந்தக் கையத்தான் பாத்தேன்.

உங்கண்ணன் சொல்லிட்டான். "பேட்டா, இன்னும் ஒரு ட்ரையல். அதுலயும் பேரு வரலைன்னா துப்பாக்கிய உள்ள வச்சுட்டு படிப்பப் பாரு." அவ "ம்"ன்னா. அவ்வளவுதான். ஆனா அந்த "ம்" இருக்கே, அதுக்குள்ள அவ உசுரு இருந்துச்சு. அவளுக்கு வேற எதுலயும் ஆசை கெடையாதுடி. சினிமா கெடையாது, சிநேகிதிங்க கெடையாது. மாடியில நின்னு மூச்ச விட்டு அடக்கி ஒரு புள்ளியப் பாக்கணும், அதுதான் அவ சொர்க்கம்.

கடைசித் தடவதானேன்னு உங்கண்ணன் அவ ஒடம்புக்குன்னே ஒரு துப்பாக்கி பண்ண ஏற்பாடு பண்ணினான். ஆட்டத்த விட்டுட்ட ஒரு பையன் கிட்டேருந்து நல்ல குழலும் ட்ரிக்கரும் கெடச்சுது. நெனச்சாலே விழும்பாங்களே, அப்படிப்பட்ட ட்ரிக்கர். மரக்கட்டைதான் செய்யணும். கடையில வாங்குறது ரெடிமேடு ரவிக்கை, இது அளவெடுத்துத் தைக்கிறது. தோள் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, கன்னம் எங்க படும், உள்ளங்கை எவ்வளவு குழியும், எல்லாம் கணக்கு.

கரோல் பாக்ல துணிக் கடைங்களுக்குப் பின்னாடி ஒரு சந்து. அங்க ஒரு கெழட்டு மிஸ்திரி. முன்னாடி கிரிக்கெட் மட்டை செஞ்சவரு, இப்ப துப்பாக்கிக் கட்டை செதுக்குறாரு. கடை பூரா அக்ரோட், அதான் வால்நட், மரத்தூள் வாசன. செவுத்துல பழைய கறுப்பு போன் ஒண்ணு. நானும் கூடப் போயிருந்தேன், ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சாரு.

மிஸ்திரி பாப்பாவப் பாத்து, ரெண்டு கையையும் நீட்டி விரலால ஒரு ஓட்டை பண்ணி, அதுக்குள்ள பல்பப் பாக்கச் சொன்னாரு. அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடச் சொன்னாரு. "அரே, பிட்டியாவுக்கு எடது கண்ணுல்ல எஜமான்!"ன்னாரு. உங்கண்ணன், "அதெல்லாம் இல்ல ஜி, சாப்பிடறது எழுதறது எல்லாம் வலது கைதான். வலதுன்னே எழுதுங்க"ன்னான். மிஸ்திரி தோளக் குலுக்கிட்டு எழுதினாரு. மெழுகு மாதிரி ஒரு உருண்டைய பாப்பா கையில குடுத்துப் பிடிக்கச் சொன்னாரு. வலது கையில.

நான் வாயத் தொறந்திருக்கலாம். தொறக்கல.

என்ன பாக்குற? கேளு. பாப்பா பொறவியிலயே எடது கைக்காரி. மூணு வயசுல எல்லாத்துக்கும் எடது கைதான் நீளும். பிரசாதம் வாங்க, இட்லி பிக்க, கிரேயான் பிடிக்க. உங்கண்ணனும் அண்ணியும் காலையில ஆபீஸ் போனா சாயங்காலந்தான். வீட்டுல நானும் அவளும். மலை மந்திர் முருகன் கோயில்ல ஒரு தடவ எடது கையால விபூதி வாங்கிட்டா, பக்கத்துல நின்ன மாமி மூஞ்சியச் சுளிச்சா. அன்னைக்கி வீட்டுக்கு வந்து மாமியாரோட சேலை ஓரத்த நீளமாக் கிழிச்சேன். சாப்பிடும்போது அந்தத் துணியால அவ எடது கைய நாற்காலியோட கட்டிட்டேன். ஒரு நாள் இல்ல, ரெண்டு மாசம். பெத்தவங்களுக்குத் தெரியாது. அவங்க வர்ற நேரத்துக்கு அவுத்துடுவேன். கை மறந்துடுச்சு. புள்ள சமத்தா வலது கையால சாப்பிடுதுன்னு உங்கண்ணி ஆபீஸ்ல பெருமையடிச்சுகிட்டா.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அத நான் செஞ்சிருக்கவே கூடாது. உலகத்துல யாரு செஞ்சாலும் நான் செஞ்சிருக்கக் கூடாது. ஏன்னா எம் மாமியாரும் எடது கைக்காரி. சின்னப் புள்ளையில கரண்டியக் காச்சி எடது மணிக்கட்டுல இழுத்துட்டாங்களாம். அதோட அந்தக் கை ஊமையாப் போச்சு, ஊருக்கு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல நாங்க ஒண்ணா இருந்தப்போ ஒரு நாள் விடிகாலையில வழக்கத்துக்கு முன்னாடி எந்திரிச்சுட்டேன். வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டுகிட்டு இருக்காங்க, எடது கையால. இழை இழையா, நடுக்கமில்லாம. நாக்கு நுனி வாயோட எடது ஓரத்துல எட்டிப் பாக்குது. என்னைப் பாத்ததும் கைய முந்தானைக்குள்ள மறைச்சுட்டாங்க. "சொல்லிடாத ராசா"ன்னாங்க. ஆம்பளை பொம்பளை எல்லாருமே அவங்களுக்கு ராசாதான். "அது பீச்சாங்கைதான், ஆனா அதுக்குத்தான் வளைவு தெரியும்." நான் யார் கிட்டயும் சொல்லல, உங்க பெரியப்பா கிட்ட கூட. சொல்லாதவதான் அவங்க சேலையவே கிழிச்சு அவங்க பேருள்ள புள்ளையக் கட்டினேன். போதுமா? இன்னும் கேக்கணுமா?

கேளு, இனிமேத்தான் இருக்கு.

டிசம்பர் கடைசியில துப்பாக்கி வந்துச்சு. கோஹ்ரா காலம், மூடுபனி. ஜன்னலுக்கு வெளிய எதிர் வீடு இல்ல, வேப்ப மரம் இல்ல, எல்லாத்தையும் யாரோ அழிச்ச மாதிரி வெள்ளையா கெடக்கு. உங்கண்ணன் பொட்டிய மேசை மேல வச்சுத் தொறந்தான். அழகுடி. தேன் கலர்ல வரி வரியா மரம். பாப்பா எடுத்து வலது தோள்ல வச்சா. கன்னம் படல. மேடு இருக்க வேண்டிய எடத்துல பள்ளம், பள்ளம் இருக்க வேண்டிய எடத்துல மேடு. கைப்பிடி விரலுக்குள்ள நிக்காம முறுக்குது. கண்ணாடியில பாக்குற மாதிரி எல்லாமே எதிரா.

"உல்டா பண்ணிட்டான்! எடது கைக்குப் பண்ணிட்டான்!"னு உங்கண்ணன் கத்தினான். அப்பவே கரோல் பாக் கெளம்பினான். நானும் வர்றேன்னு ஒட்டிக்கிட்டேன். எதுக்குன்னு அப்ப தெரியல.

மிஸ்திரி நிதானமா டீக் கிளாஸக் கீழ வச்சாரு. "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க? நீங்க வந்துட்டுப் போன எட்டாம் நாள் போன் வந்துச்சே, உங்க வீட்டு மாதாஜி கிட்டேருந்து."

உங்கண்ணன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

"பிட்டியாவோட துப்பாக்கிய கை மாத்திச் செய்யச் சொன்னாங்க. எந்தக் கைன்னேன். ஒரு வார்த்தை சொன்னாங்க, எனக்குப் புரியல. மூணு தடவ சொன்னாங்க. அப்புறம் 'கானே வாலா ஹாத் நஹீ, தூஸ்ரா'ன்னாங்க. சாப்பிடற கை இல்ல, மத்தது. அதான் கண்ணாடி முன்னாடி வச்சு எல்லாத்தையும் திருப்பிச் செதுக்கினேன்." ஆர்டர் நோட்ட எடுத்து விரிச்சாரு. பாப்பா பேருக்குக் கீழ, ஹிந்தியில, பென்சிலால ஒரு வார்த்தை. நான் எழுத்துக் கூட்டினேன். பீ. சாங். கை.

எங் கழுத்துக்குப் பின்னாடி யாரோ ஊதின மாதிரி இருந்துச்சு.

"அந்த மாதாஜி வேற என்ன சொன்னாங்க?"ன்னு நான் கேட்டேன். எங் கொரலே எனக்கு வேற யாரோடதோ மாதிரி கேட்டுச்சு.

மிஸ்திரி யோசிச்சாரு. "போன வைக்கறதுக்கு முன்னாடி உங்க பாஷையில என்னமோ சொன்னாங்க." கெழவரு வாயக் கோணி, தெரியாத பாட்ட முணுமுணுக்குற மாதிரி சொன்னாரு. "வச்... வச்சிடறேன் ராஜா."

வெளிய வந்ததும் உங்கண்ணன் என்னைப் பிடிச்சுகிட்டான். "அம்மா, உண்மையச் சொல்லு. யாரு போன் பண்ணிக் குடுத்தா உனக்கு?"

"நான் பண்ணலடா."

"அப்ப பாப்பாவா?"

வீட்டுக்கு வந்து அவ கிட்டயே கேட்டான். "பீச்சாங்கைன்னா?"ன்னு அவ திருப்பிக் கேட்டா. "பீச்-னா ஹிந்தியில நடுவுலன்னு அர்த்தம்ல? நடுக் கையா?" அவளுக்குத் தெரிஞ்ச தமிழு அவ்வளவுதான். உங்கண்ணிக்கு அந்த வார்த்தை தெரியும், ஆனா எனக்குத் தெரியாம மோர் கூடக் கடைய மாட்டா அவ. எம் போன எடுத்து உங்கண்ணன் கீழேருந்து மேல வரைக்கும் பாத்தான். நான் பண்ணின போனே கெடையாது, வந்ததுதான். அப்புறம் என்னை டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனான், மறதி நோயோன்னு. டாக்டர் பொண்ணு என்ன கெழமைன்னு கேட்டா. "உனக்கே தெரியலையா கண்ணு?"ன்னேன். ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா.

வீட்டுல வேலை செய்யற பொண்ணு இதெல்லாத்தையும் ரெண்டாவது மாடிப் பஞ்சாபிக்காரி கிட்ட சொல்லிட்டா. அவ மூணு பிளாக்குக்குச் சொல்லிட்டா. "ஊப்பரி ஹவா, பேய்க் காத்து! பொண்ணு மேல பெரிய தாதி வந்திருக்கு, அவளோட கொள்ளுப்பாட்டி. ஒரு பாபா இருக்காரு, கூட்டிட்டுப் போங்க"ன்னு மாடிப்படியில வழி மறிக்குறாங்க. எதிர் வீட்டு அம்மா தன் பொண்ண பாப்பா கூட டியூஷன் போக விடல. புள்ள படியேறி வந்தா கதவு ஒவ்வொண்ணா சாத்துது. அந்தச் சத்தம் இருக்கே, சர்ரா சத்தத்த விட மோசம்.

ட்ரையலுக்கு ஏழு வாரந்தான் இருந்துச்சு. திருப்பிச் செதுக்க ரெண்டு மாசம் ஆகும்னுட்டாரு மிஸ்திரி. உங்கண்ணன் பழைய துப்பாக்கிய எண்ணெ போட்டுத் தொடைச்சு வச்சான். புதுசு பொட்டிக்குள்ள போச்சு.

நாலாம் நாள் காலையில நான் துளசிக்குத் தண்ணி ஊத்த மாடிக்குப் போனேன். எட்டு மணி இருக்கும், ஆனா வெளிச்சம் பால் மாதிரி கெட்டியா நிக்குது. ரெண்டு அடிக்கு மேல ஒண்ணும் தெரியல. 'டப்'னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் சும்மா. மறுபடியும் 'டப்'. கிட்டப் போய்ப் பாத்தா பாப்பா. புதுத் துப்பாக்கி எடது தோள்ல. அது அங்கயே மொளச்ச மாதிரி உக்காந்திருக்கு. கண்ணு அரை மூடல். நாக்கு நுனி வாயோட எடது ஓரத்துல.

எங் கையில இருந்த செம்பு விழுந்துச்சு. அவ அசையல. 'டப்'.

என்ன? மச்சம் ஏதாவது இருந்துச்சா, கண்ணு செவந்துச்சா? ஒண்ணும் இல்லடி, அதெல்லாம் சினிமாவுல. நாக்கு மட்டுந்தான். அது போதாதா எனக்கு?

அஞ்சு குண்டு சுட்டுட்டு அவ அட்டைய எடுத்துட்டு வந்தா. ரெண்டு வருஷமா ஒரு பக்கமா ஓடின புள்ளையோட அட்டை. அஞ்சு ஓட்டையும் ஒரு ரூபாக் காசுக்குள்ள அடங்குச்சு. அதுவும் எதிர்ல எதுவும் தெரியாத கோஹ்ராவுல. "எப்படிப் பாத்த?"ன்னேன். "பாக்கல பாட்டி. கை தானா நின்னுச்சு"ன்னா.

நான் அந்த ஈரத் தரையிலயே உக்காந்துட்டேன். உக்காந்து சொல்லிட்டேன் எல்லாத்தையும். சேலை, கிழிசல், நாற்காலி, ரெண்டு மாசம். டில்லி எலி நான்தான்னு சொன்னேன். புள்ள திட்டும், அழும்னு நெனச்சேன். இனிமே எங் கையால ஒரு வாய் சாப்பிடாதுன்னும் நெனச்சேன். அவ துப்பாக்கிய மெதுவாப் பொட்டி மேல சாய்ச்சு வச்சா.

"எனக்கு ஞாபகம் இருக்கு பாட்டி."

"என்ன ஞாபகம்?"

"கட்டும்போதெல்லாம் நீ அழுதே. அதான் நான் அழல."

அப்புறம் எடது கைய நீட்டினா, என்னைத் தூக்கிவிட. பதினாலு வருஷம் கழிச்சு அந்தக் கையப் பிடிச்சேன்டி நான். சில்லுன்னு இருந்துச்சு, கோஹ்ரா ஈரம். எந்திரிக்கும்போது முட்டி கூட வலிக்கல.

அந்த அட்டைய உங்கண்ணன் டீத் தட்டுக்குப் பக்கத்துல வச்சு, கைய கட்டின கதையையும் சொல்லிட்டேன். அவன் அஞ்சு ஓட்டையையும் விரலால தொட்டுப் பாத்தான். "நாற்காலி விஷயம் தெரிஞ்சிருந்தா மிஸ்திரி கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனேம்மா"ன்னு மட்டுந்தான் சொன்னான். மூணு நாள் எங்கிட்ட சரியாப் பேசல. அது எனக்கு வேணுந்தான். ஆனா அதுக்கப்புறம் தெனம் காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அவளோட மாடியில நின்னான். அவன் கத்துக் குடுத்ததையெல்லாம் கண்ணாடியில பாத்துச் சொல்லிக் குடுக்குற மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னான். கோச், "ஏழு வாரத்துல தோள மாத்துறதா? பாகல் ஹோ கயா? பைத்தியமா?"ன்னாரு. வந்து பாத்துட்டு, அந்தப் பட்டைய அவரே வலது கண்ணுக்கு மாத்திட்டுப் போனாரு.

ட்ரையல் அன்னைக்கி நாங்க எல்லாரும் போனோம். கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பாக்கலாம். வரிசையா புள்ளைங்க வலது பக்கமா சாஞ்சு நிக்குது. நடுவுல ஒண்ணு மட்டும் எதிர்ப் பக்கமா பாத்து நிக்குது. வரிசைக்குள்ள ஒரே ஒரு ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்துட்ட மாதிரி. நான் குண்ட எண்ணல. நாக்கத்தான் பாத்துகிட்டிருந்தேன்.

சாயங்காலம் ஒருத்தரு பேரையெல்லாம் ஹிந்தியில கையால எழுதி செவுத்துல ஒட்டினாரு. கூட்டம். உங்கண்ணன் கார எடுக்கப் போயிருந்தான், உங்கண்ணி அவனோட. பாப்பா எனக்குப் பின்னாடி நின்னுகிட்டு, "எனக்கு பயமாருக்கு பாட்டி, நீ பாரு. எம் பேரு இருந்தா சத்தமாச் சொல்லு, இல்லைன்னா ஒண்ணும் சொல்லாத"ன்னா.

நல்லா மாட்டிவிட்டா பாத்தியா என்னை?

மேலேருந்து எழுத்துக் கூட்டினேன். ஒவ்வொரு பேரா வேற வேற புள்ளைங்க. கண்ணு கலங்குது, எழுத்து ஓடுது. கடைசி வரி. கடைசிப் பேரு. மொதல் எழுத்து சரி. ரெண்டாவது சரி. கூட்டி முடிச்சேன். சொல்லணும். நான் சொல்லலைன்னா, அவ தோத்துட்டதா நெனச்சு திரும்பி நடந்துடுவா.

சொன்னேன். கல்யாணமாகி வந்த நாளிலேருந்து ஒரு தடவ கூட வாயில வராத பேரு. சத்தமாவே சொன்னேன்.

எந் தோள்ல ஒரு கை விழுந்துச்சு, எடது தோள்ல. அழுத்தமா, யப்பா, எலும்பு வரைக்கும் சில்லுன்னு. "அழாத பாப்பா, பேரு இருக்கு"ன்னுகிட்டே திரும்பினேன்.

பாப்பா மூணு அடி தள்ளி நிக்கிறா. ரெண்டு கையாலயும் துப்பாக்கிப் பொட்டியக் கட்டிப் பிடிச்சிருக்கா.

கூட்டத்துல யாராவது தள்ளியிருப்பாங்கடி. அப்படித்தான் நான் வச்சுகிட்டேன். நீயும் அப்படியே வச்சுக்கோ. என்ன, காலைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுட்ட? சொன்னேன்ல, கேக்காதன்னு.

மறுநாள் நான் ஒரு டப்பா லட்டு வாங்கிட்டு வரச் சொல்லி, ஒவ்வொரு மாடியா நானே எறங்கினேன். சாத்துற கதவையெல்லாம் தட்டினேன். ரெண்டாவது மாடியில பத்துப் பேரு கூடிட்டாங்க. பஞ்சாபிக்காரி லட்ட வாங்காம, "ஆன்ட்டிஜி, நெஜமாச் சொல்லுங்க, அந்த போன் யாரு பண்ணினது?"ன்னா. எல்லாருக்கும் காது நீண்டுடுச்சு. பாப்பா மேல் படியில நின்னு கேட்டுகிட்டிருந்தா.

நான் இடுப்புல கைய வச்சுகிட்டுச் சிரிச்சேன். "வேற யாரு? நான்தான். எம் புள்ளைக்கி எம் பேச்சு ஏறாது, அதான் அவனுக்குத் தெரியாம நானே மிஸ்திரிக்குப் போட்டேன். கேட்டா திட்டுவான்னு மறைச்சேன். ஹவாவும் இல்ல, தாதியும் இல்ல. நீங்கல்லாம் நல்லா ஏமாந்தீங்க"ன்னேன். ஒருத்தி ஒருத்தியா சிரிக்க ஆரம்பிச்சா. எதிர் வீட்டு அம்மா மொதல் ஆளா லட்ட எடுத்து வாயில போட்டுகிட்டா. "நாளைக்கி என் பொண்ணும் டியூஷனுக்குக் கூட வருவா"ன்னா.

பஞ்சாபிக்காரி மட்டும் விடல. "ஆன்ட்டிஜி, உங்களுக்கு நம்பரே போடத் தெரியாதே? போன மாசம் கூட என் போன்லேருந்து நான்தானே போட்டுக் குடுத்தேன். எப்படிப் பண்ணினீங்க?"

"உல்ட்டே ஹாத் ஸே"ன்னேன், பீச்சாங்கையாலன்னு.